நொறுங்கல் பெட்டி

பெர்லின்
12 அக்டோபர் 1997

அன்புத் தம்பி வக்திக்கு,

உனக்கும் உம்மாவுக்கும் ராவியாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம். உம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பேரீச்சை இறக்கியாகிவிட்டதா? நான் சுகம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. தக்காளி நிறுப்பவன்கூட முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டுதான் நிறுக்கிறான்.

நலம் விசாரித்தாகிவிட்டது. இனிச் சண்டை. போனில் கேட்டால் "லைன் சரியில்லக்கா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று கெய்ரோவிலிருந்து வந்த ஒரு மாணவி எனக்காகப் பாலாடைக்கட்டி கொண்டுவந்தாள். அதைச் சுற்றியிருந்த பத்திரிகைத் தாளில் முழுப்பக்க விளம்பரம். "பச்சை வாசல்" என்று ஏதோ நிலக் கம்பெனி. "கார்கா மண்ணுக்குக் காடு புதிதல்ல. வாருங்கள், நிழலில் குடியேறுங்கள்" என்று கொட்டை எழுத்தில். நடுவில் ஒரு கல், கல்லில் பதிந்துபோன பழங்காலத்து அத்தி இலை ஒன்று. நடு நரம்புக்கு இடப்பக்கம் புழு கடித்த ஓட்டை. அது என் இலை, வக்தி. மலையடிவாரத்து ஊற்றுக்கல்லிலிருந்து நானே உடைத்தெடுத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் கழுவிய இலை. அந்த ஓட்டையை என் பல்லைவிட நன்றாக எனக்குத் தெரியும்.

கீழே இன்னொரு வரி: "இந்தப் பள்ளம் முழுவதும் ஒரு காலத்தில் காடாக இருந்தது. - நம் நாட்டு விஞ்ஞானி." பாலைவனத்துப் பள்ளத்தில் கிடக்கும் நம் கார்காவைக் காடு என்கிறார்கள். பெயர் போடவில்லை. போட்டிருந்தால் வழக்குப் போட்டிருப்பேன். இப்படி ஒரு வாக்கியத்தை நான் எந்தக் காலத்திலும் எழுதவில்லை.

நம் மாடி அறையில் இரண்டு பெட்டி வைத்துவிட்டு வந்தேன். ஒன்றில் முழு இலைகள். மற்றதில் நொறுங்கல், அதை வேண்டுமானால் குப்பையில் கொட்டு என்றும் சொன்னேன். நல்ல பெட்டியை யாரும் தொடக்கூடாது என்றும் சொன்னேன். யார் தொட்டது? விசாரித்து உடனே எழுது.

கோபத்தோடும் பிரியத்தோடும்,
உன் அக்கா ஸுஹைர்


கார்கா
3 நவம்பர் 1997

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

ஸலாம். நாங்கள் எல்லோரும் இறைவன் அருளால் சுகம். உன் சுகத்துக்கு உம்மா ஐவேளையும் துஆ கேட்கிறார். முழங்கால் வலி பரவாயில்லை. பேரீச்சை இந்த வருஷம் நல்ல விளைச்சல். உனக்கு ஒரு டப்பா அனுப்ப வழி பார்க்கிறேன்.

பெர்லினில் இருந்துகொண்டு பாலாடைக்கட்டித் தாளைப் படித்துக் கோபப்படுகிறாயே, உன்னை என்ன சொல்வது! அந்தக் கம்பெனியைப் பற்றி நீ தப்பாக நினைக்காதே. ஊருக்குத் தெற்கே மணல்மேட்டில் கிணறு போட்டிருக்கிறார்கள். பொழுது முழுக்கத் தண்ணீர் பீறிட்டு வருகிறது, கை வைத்தால் சூடு. வெள்ளிக்கிழமை தோறும் சோஹாக், அஸ்யூத் பக்கமிருந்து பஸ்ஸில் ஆட்களைக் கூட்டி வருகிறார்கள். வருகிறவர்களுக்கு ஸலாம் சொல்லும் முன்னால் ஒரு கிளாஸ் கிணற்றுத் தண்ணீர். நம் ஊர் வழக்கம்தானே? குடித்துவிட்டு ஒரு கிழவர், "இது தண்ணியில்லப்பா, சொர்க்கம்!" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். எத்தனை தலைமுறையாக இந்த ஊரைவிட்டு ஆள் போவதையே பார்த்தோம். இப்போது ஆள் வருகிறார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அக்கா.

பள்ளியில் ஆறாம் வகுப்புக்கும் இப்போது நான்தான் புவியியல். ராவியா உனக்குக் கம்பளிக் காலுறை பின்னுகிறாள், இரண்டும் ஒரே அளவாக வருமா என்பது சந்தேகம்.

உன் தம்பி வக்தி


பெர்லின்
20 நவம்பர் 1997

தம்பிக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம் என்றறிந்து மகிழ்ச்சி. கம்பெனிக் கிணற்றின் சூடுவரை எழுதியிருக்கிறாய். என் இலையை யார் எடுத்தது என்பதற்கு மட்டும் உன் கடிதத்தில் இடமில்லை. எனக்குப் புரிந்துவிட்டது என்பது உனக்கும் புரியும்.

சரி, புவியியல் வாத்தியாரே, உனக்கே பாடம் எடுக்கிறேன். கல்லில் பதிந்த இலை ஜோசியம் சொல்லாது. அதன் அளவை, ஓரத்தை, தடிப்பைப் பார்க்கிறோம். இன்றைக்கு அதே மாதிரி இலை எந்த நாட்டில், எவ்வளவு மழையில் தழைக்கிறது என்று ஒப்பிடுகிறோம். அப்படிப் பார்த்தால் சுமார் லட்சம் வருஷத்துக்கு முன்னால் நம் மலையடிவாரத்தில் ஊற்று ஓடியது, ஊற்றோரம் அத்தியும் நாணலும் நின்றன. அந்த மழை பிறகு நின்றுபோனது. நீ வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் எந்த ராஜாவும் பிறப்பதற்கு முன்பே நின்றுபோனது.

உன் சொர்க்கத் தண்ணீர் அந்த மழையின் மிச்சம். நம் வாசலில் ஸீர் பானை இருக்கிறதே, யாரோ ஒருமுறை நிரப்பிவிட்டுச் செத்துப்போனார் என்று வைத்துக்கொள். மொண்டு குடிக்கலாம். நிரப்ப ஆளில்லை. அந்தப் பானையைக் காட்டிக் கம்பெனிக்காரன் நிலம் விற்கிறான், சாட்சிக்கு என் இலையை நிறுத்துகிறான்! வயிறு எரிகிறது.

கெய்ரோ பத்திரிகைகளுக்கு மறுப்பு எழுதப்போகிறேன். நான் சொல்லாத வாக்கியத்தை என் தலையில் கட்டியவனைச் சும்மா விடமாட்டேன்.

உம்மாவுக்கு என் முத்தங்கள்.

ஸுஹைர்


கார்கா
11 டிசம்பர் 1997

அக்காவுக்கு,

ஸலாம். உம்மா சுகம். காலுறை இத்துடன் வருகிறது. இன்னொன்றும் இத்துடன் வருகிறது, முதலில் அதைப் பிரித்துப் பார்.

பார்த்தாயா? கெய்ரோ மாதப் பத்திரிகை, மூன்று வருஷத்துக்கு முந்தையது. "பாலைக்கு முன்" என்ற கட்டுரை. எழுதியவர் முனைவர் ஸுஹைர் அப்துல் மௌஜூத். நாலாவது பத்தி. சிவப்புக் கோடு நான் போட்டது, வாக்கியம் நீ போட்டது. "இந்தப் பள்ளம் முழுவதும் ஒரு காலத்தில் காடாக இருந்தது." ஒரு புள்ளியைக்கூட நான் மாற்றவில்லை. அது வெளிவந்தபோது பத்துப் பிரதி வாங்கி ஆசிரியர் அறையில் கொடுத்தேன். தலைமையாசிரியர் வாசித்துவிட்டு, "உங்க அக்கா எழுதினதப் பாத்தா வாசல்ல போய் நிழல் தேடத் தோணுதுப்பா" என்றார். அன்றைக்கு என் நெஞ்சு எவ்வளவு நிமிர்ந்தது தெரியுமா?

ஆமாம், இலையைக் கொடுத்தது நான்தான். விளம்பரத்தை எழுதியதும் நான்தான். கம்பெனி மேனேஜர் ஹக்காக் என்னிடம் வந்து, "ஒங்க மண்ணப் பத்தி ஒங்கள விட்டா யாரு சார் எழுதுவா?" என்று கேட்டார். நீ படித்த எந்தப் பல்கலைக்கழகமும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

எங்கள் மலையை உடைத்து எங்கள் கல்லைக் கொண்டுபோய் நீ டாக்டர் ஆனாய். ஊரே சந்தோஷப்பட்டது. அதே கல்லால் இந்த ஊருக்கு ஒரு வாய் கஞ்சி கிடைக்கும் என்றதும் உனக்கு வயிறு எரிகிறதா? நீ எழுதினால் அறிவியல், நான் எடுத்துச் சொன்னால் மோசடியா? நல்ல நியாயம் இது!

ரமளான் வருகிறது. நோன்பில் என்னைத் திட்டாதே, உன் நோன்புதான் கெடும்.

வக்தி


பெர்லின்
19 பிப்ரவரி 1998

வக்திக்கு,

ஸலாம். ரமளானும் போய்ப் பெருநாளும் போய்விட்டது. பெருநாள் வாழ்த்துகூட அனுப்பாததற்கு உம்மாவிடம் என் சார்பில் நீயே திட்டு வாங்கிக்கொள். எழுத உட்காரும்போதெல்லாம் உன் சிவப்புக் கோடு கண்ணில் நின்றது.

வாக்கியம் என்னுடையதுதான். மறந்துபோயிருந்தேன். ஆய்வேட்டில் "ஊற்றுகளின் ஓரத்தில்" என்று ஒழுங்காகத்தான் எழுதியிருந்தேன். பத்திரிகைக்கு எழுதும்போது அது சப்பென்று இருப்பதாகப்பட்டது. "முழுவதும்" என்று போட்டேன். படிப்பதற்கு ஜோராக இருந்தது.

அது எப்பேர்ப்பட்ட தவறு என்று கேள். ஈரத்தில் விழுந்த இலைதான் கல்லில் பதியும். ஊற்று நீரில் இருக்கும் சுண்ணாம்பு அதன்மேல் படிந்து மூடவேண்டும். காய்ந்த மேட்டில் விழுந்த இலை அன்றைக்கே தூளாகிக் காற்றில் போய்விடும். அதனால் எங்கள் கைக்கு வருகிற இலையெல்லாம் தண்ணீரோரத்து இலை. அதை மட்டும் எண்ணிவிட்டு ஊர் முழுக்க ஈரம் என்று எழுதினேன். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர்களை எண்ணிவிட்டு இந்த ஊரில் பசியே கிடையாது என்று சொல்வது போல. முதல் வருஷத்து மாணவன் இப்படி எழுதினால் தாளைக் கிழித்துக் கையில் கொடுத்திருப்பேன்.

என்மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. ஆனால் உன்மேலும் ஹக்காக்மேலும் குறைந்துவிட்டதாக நினைக்காதே. பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பிவிட்டேன். பதில் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பஸ் வரும்போது நீ அவர்களிடம் உண்மையைச் சொல். மலையடியில்தான் ஊற்று இருந்தது, தெற்கு மணல்மேடு அன்றைக்கும் மேடுதான் என்று சொல்.

ஒன்று கேட்கிறேன். நீ அங்கே எதுவும் வாங்கவில்லையே?

ஸுஹைர்


கார்கா
25 மார்ச் 1998

அக்காவுக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம். கம்ஸீன் காற்று தொடங்கிவிட்டது, சாப்பாட்டில் பாதி மணல். கிழக்கு அறை ஜன்னலை அடைத்துவிட்டதால் உம்மாவால் தூங்கமுடிகிறது. சோஹாக்காரர்கள் பக்கத்திலிருந்து ரொட்டி கொடுத்தனுப்பினார்கள், வெயிலில் புளிக்கவைத்த ரொட்டி, பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

பள்ளி வேலை அதிகம். பிறகு விரிவாக எழுதுகிறேன்.

வக்தி


பெர்லின்
10 ஏப்ரல் 1998

வக்தி,

ஸலாம் உனக்கல்ல, உம்மாவுக்கு.

நம் வீட்டில் கிழக்கு அறை எது? கிழக்குச் சுவர் பள்ளிவாசல் சுவரோடு ஒட்டியது. அதில் ஜன்னலே கிடையாது, எலி போக ஓட்டைகூடக் கிடையாது. நம் சந்தில் சோஹாக்காரர்கள் யார்? ஒரு பக்கம் தையற்காரர், மறுபக்கம் ஹாஜியின் கழுதைக் கொட்டகை. கழுதை ரொட்டி சுட்டதா?

எங்கிருந்து எழுதுகிறாய்? உம்மாவை எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறாய்? வாப்பா கட்டிய வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள்?

உடனே பதில் போடு. இல்லையென்றால் ஊரில் எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் எழுதுவேன், உன் தலைமையாசிரியர் உட்பட.

ஸுஹைர்


பச்சை வாசல் குடியிருப்பு, கார்காவுக்குத் தெற்கே
2 மே 1998

என் மக ஸுஹைருக்கு உம்மா சொல்ல, பக்கத்து வயல் ஃபாயிஸா எழுதுவது.

ஸலாம் கண்ணு. நான் நல்லாயிருக்கேன். முழங்கால் நல்லாயில்ல, ஆனா அதுக்கு வேற வேலை இல்ல, வலிச்சுக்கிட்டே கெடக்கும். நீ நேரத்துக்குச் சாப்பிடுறியா?

ஒந்தம்பி எழுதமாட்டான். ஒன் கடுதாசிய ஜோப்புல வச்சுக்கிட்டு நாலு நாளா மூஞ்சியத் தூக்கிக்கிட்டுத் திரியிறான். அதான் நானே சொல்றேன். வீட்ட வித்தாச்சுடி. பெருநாள் முடிஞ்ச கையோட இங்க வந்துட்டோம். நானும் சரின்னுதான் சொன்னேன், பொய் சொல்லமாட்டேன். "எங்கக்கா எழுதினத நம்பாம யார் எழுதினத நம்புறது உம்மா?"ன்னான். எனக்கும் அது ஞாயமாத்தான் பட்டுச்சு. நீ பொய் எழுதுவியா என்ன?

வந்த புதுசுல தண்ணி சும்மா குபுகுபுன்னு வந்துச்சு. பெர்சீம் தீவனப்புல்லு போட்டோம், வெங்காயம் போட்டோம். இப்ப மோட்டார் இருமுது. காத்தத்தான் கக்குது. ஹக்காக் வந்து, "இன்னும் ஆழமாப் போட்டாச் சரியாயிரும் ஹாஜ்ஜா"ன்னான். நீயே எறங்கிப் பாருடான்னேன்.

ஒன் அழகான கல்லையெல்லாம் கம்பெனிக்காரனுவ வாங்கிட்டுப் போய்க் கண்ணாடிக்குள்ள வச்சிருக்கானுவ. மத்த பெட்டிய ஒந்தம்பி தூக்கி எறியப் போனான். நாந்தான் விடல. அந்த ஒடசலெல்லாம் ஸீர் பானையச் சுத்திப் பதிச்சிருக்கேன், காலுல சேறு ஒட்டாம இருக்கட்டும்னு. இப்பத்தான் சேறே இல்லையே.

ஒந்தம்பியத் திட்டாத. இங்க உள்ளவங்க திட்டுறதே போதும்.

டாக்டர் அம்மா, இதுக்குக் கீழ நான் ஃபாயிஸா என் பங்குக்கு எழுதுறேன், ஹாஜ்ஜா தூங்கப் போயிட்டாங்க. சோஹாக்ல எங்களுக்கு ரெண்டு எருமையும் ஒரு துண்டு நிலமும் இருந்துச்சு. வித்துட்டு வந்தோம். என் வீட்டுக்காரருக்குப் படிக்கத் தெரியாது, ஒங்க வரிய நாந்தான் அவருக்குப் படிச்சுக் காட்டினேன். ரொம்ப அழகா எழுதியிருந்தீங்க. இப்ப அவரு தினமும் "அத இன்னொரு தடவ படி"ங்கிறாரு. நான் என்ன செய்யட்டும்?


பெர்லின்
17 மே 1998

வக்திக்கு,

ஸலாம். உம்மாவின் கடிதம் வந்தது. ஃபாயிஸாவின் நாலு வரியும் வந்தது. நாலு நாளாக வேறெதுவும் படிக்கமுடியவில்லை. வீட்டைப் பற்றி உன்னோடு சண்டை போடத் தெம்பில்லை, அதை நேரில் வைத்துக்கொள்வோம்.

ஊற்றுக்குள் காற்று என்னவெல்லாம் கொண்டுவந்து போட்டது என்று நான் ஒருநாளும் பார்க்கவில்லை. முழு இலையைத்தான் எண்ணினேன், அளந்தேன், படம் எடுத்தேன். பொடிப்பொடியாக இருந்ததையெல்லாம் "அடையாளம் காண இயலாதவை" என்று ஒதுக்கினேன். எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம், முழுசாகவும் அழகாகவும் இருப்பதற்குத்தான் மதிப்பு. என்னிடமிருந்த பழைய புகைப்படங்களின் ஓரங்களை இங்கே பெரிதாக்கிப் பார்த்தேன். வேல மரத்தின் குட்டி இலை. முள். புல்லின் தாள். எல்லாம் காய்ந்த நிலத்துச் சரக்கு. பள்ளம் முழுவதும் காடாக இருந்தால் இவை எங்கிருந்து பறந்துவரும்? ஊற்றைச் சுற்றி நாலு அத்தி, அதற்கப்பால் முள்ளும் புல்லும் மணலும். மேட்டு நிலத்தின் சாட்சி அந்த நொறுங்கல் பெட்டியில்தான் இருந்தது. அதைத்தான் குப்பையில் கொட்டச் சொன்னேன். உம்மா ஸீர் பானைக்கடியில் பதித்திருக்கிறார்.

அவற்றைப் பெயர்த்தெடுத்து ஈரத் துணியில் சுற்றிவை. மாவட்ட அதிகாரி விசாரணைக்கு வரும்வரை நீங்கள் எல்லோரும் மனுமேல் மனுப் போடுங்கள். வந்தால் இத்துடன் உள்ள தாளைப் படித்துக் காட்டு. அதில் இருப்பது இவ்வளவுதான்: "அந்த வாக்கியம் என்னுடையது. அது தவறு. தெற்கு மேட்டில் காடு இருந்ததில்லை. கிணற்று நீர் பழைய மழையின் மிச்சம், எடுத்தால் திரும்பாது. இதை அறிந்தே, என் பெயரில் எழுதுகிறேன்." இங்குள்ள தூதரகத்தில் முத்திரை வாங்கியிருக்கிறேன். என் துறைத் தலைவர் கெய்ரோவிலிருந்து போனில், "தப்புன்னு நீயே எழுதிக் கொடுத்தா ஒன் பதவி உயர்வு அம்பேல் ஸுஹைர், யோசிச்சுக்கோ" என்றார். யோசித்தேன். அனுப்புகிறேன்.

ஃபாயிஸாவிடம் சொல், இனி அவள் கணவருக்கு இதைப் படித்துக் காட்டட்டும். இது அழகாக இல்லை.

ஜூலையில் வருகிறேன்.

ஸுஹைர்


பச்சை வாசல் குடியிருப்பு
28 ஜூன் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். உம்மா சுகம். பிள்ளைகள் சுகம். பொய் சொல்லவில்லை, இந்த முறை நிஜமாகவே சுகம்.

அதிகாரி போன வாரம் வந்தார். ஹக்காக் உன் அத்தி இலையைக் கண்ணாடிச் சட்டத்தோடு கொண்டுவந்து மேசைமேல் சாய்த்துவைத்தான். விளம்பரத்தை எடுத்து உன் வாக்கியத்தை வாசித்தான். நான் எழுந்து உன் தாளை வாசித்தேன். அவன் சிரித்துவிட்டான். "அய்யா, இவங்க அக்கா அப்ப ஒண்ணு சொல்வாங்க, இப்ப ஒண்ணு சொல்வாங்க. நாங்க எந்த ஸுஹைர நம்புறது?"

அதிகாரி என்னைப் பார்த்தார். "அப்ப ஒங்க அக்கா மொதல்ல எழுதினது தப்புங்கிறீங்க?"

"தப்புதான்."

"அதப் போட்டு விளம்பரம் எழுதினது?"

"நான். அதுவும் தப்புதான்."

சோஹாக்காரர்கள் என்னை அடித்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். ஃபாயிஸாவின் கணவர் எழுந்தார். என் பக்கமாக வந்தார். என்னைத் தாண்டிப் போய் ஹக்காக்கின் எதிரில் நின்றார். "இவரு நம்பினாரு, தன் வீட்டையும் வித்துட்டு எங்க பக்கத்துலயே வந்து கெடக்கிறாரு. ஒன் வீடு எங்கடா இருக்கு? இந்த மேட்டுலயா?" ஹக்காக் கெய்ரோவில் இருக்கிறான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பிறகு ஸீர் பானையடிக் கற்களைத் துணியைப் பிரித்து மேசையில் வைத்தேன். உன் அத்தி இலைக்குப் பக்கத்தில் அவை குப்பை மாதிரிதான் இருந்தன. அதிகாரி என்னிடமிருந்த பள்ளிக்கூடத்துப் பூதக்கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். அவர் அஸ்வான்காரர். "இது எங்கூரு சுந்த் மரத்து இலையில்ல?" என்றார். வேல மரத்தைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள். விற்பனையை நிறுத்தி உத்தரவு போட்டுவிட்டார். பஸ் இனி வராது. விளம்பரப் பலகையைக் கழற்றிவிட்டார்கள், அந்தத் தகரம் இப்போது ஃபாயிஸாவின் கோழிக்கூட்டுக்குக் கூரை.

நாங்கள் கொடுத்ததைத் திருப்பித் தருவது பற்றி உத்தரவில் ஒரு வார்த்தை இல்லை. அதற்கு வேறு அலுவலகமாம், வேறு ஊராம். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ரத்தம் கொதிக்கிறது. கொதிக்கட்டும், அடுத்த மனு அந்தச் சூட்டில்தான் எழுதுவேன். மோட்டார் சென்ற செவ்வாயோடு நின்றுவிட்டது. நாளைக்கு ஒரு லாரி கார்காவிலிருந்து பீப்பாயில் கொண்டுவருகிறது, வீட்டுக்கு இரண்டு வாளி.

நீ ஜூலையில் வருகிறேன் என்று எழுதியதை உம்மாவிடம் படித்துக் காட்டினேன். கிழக்கு அறையைக் கூட்டி வைத்திருக்கிறார். ஜன்னலைத் திறந்துவிட்டோம், காற்று நன்றாக வருகிறது. வீட்டுக்கு வருகிறவருக்கு முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் ஸலாம் சொல்ல வேண்டும் என்று வாப்பா நம்மை அடித்து வளர்த்தார். அதனால் உன்னிடம் இதை எழுதக் கை கூசுகிறது, அக்கா. ஆனாலும் எழுதுகிறேன்.

வரும்போது தண்ணீர் கொண்டுவா.

வக்தி